பொன்மணி பேரில் சோலையம்மாள் ரத்தம்

ஆனைக்குட்டம் சோலையம்மாளுக்கு அவள் அப்பா வைத்த பேர் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவள் குரல் கொடுத்த பேர்கள் ஊரில் பாதி இருக்கும். மகளிர் குழுக் கூட்டத்தில் வள்ளித்தாய் பேரைக் கூப்பிடும்போது, வள்ளித்தாய் சாத்தூரில் யார் வீட்டு விசேஷத்திலோ இருந்தால், "இங்கன இருக்கேன்" என்று இவள் சத்தம் கொடுப்பாள். அடுத்ததாகச் சோலையம்மாள் என்று கூப்பிட்டால் கொஞ்சமும் கூச்சப்படாமல் அதற்கும் இவளே சத்தம் கொடுப்பாள். குழுத் தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால், "என்ன பாக்குறீக? ரெண்டு ஆளு வேலைய நான் ஒருத்தியே செய்யலையா?" என்று எதிர்க்கேள்வி வேறு.

இதில் தப்பு இருப்பதாக அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. வர முடியாதவளுக்காக இன்னொருத்தி போய் நிற்பது நல்ல காரியம்தானே. அதிலும் அவள் வெறுமனே போய் நிற்கிறவள் இல்லை, அந்த ஆளாகவே மாறிவிடுவாள். வம்பே அதில்தான். பக்கத்து வீட்டுப் பொன்மணிக்கு லீவு கிடைக்காததால், அவள் மகள் பிரீத்திகாவின் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோர் கூட்டம் என்று ஒரு தடவை இவள் போனாள். "உங்க பொண்ணு கணக்குல ரொம்ப வீக்" என்று டீச்சர் சொன்னதும் முகம் செத்துப்போய்த் திரும்பி வந்து, அந்தப் பிள்ளையின் காதைப் பிடித்துத் திருகி, பெத்த வயிறு பத்தி எரியுது என்று ஒரு பாட்டம் அழுதாள். உண்மையில் பெற்றவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை பொன்மணியின் பெரியப்பா செத்ததற்கு அவளுக்குப் பதிலாகத் துக்கம் கேட்கப் போனாள். இவள் அழுத அழுகையில், தாலி அறுத்தவளே எழுந்து வந்து இவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. அந்த மனுசரை உயிரோடு இவள் பார்த்ததுகூடக் கிடையாது.

இருவருக்கும் வேலை சிவகாசிப் பக்கம் ஒரே பயர் ஆபீசில். பட்டாசுக் கம்பெனியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு வேன் வரும். பொன்மணி லேபிள் ஒட்டும் ரூமில் இறங்குவாள். சோலையம்மாள் பதினான்கு வருசமாகச் சல்லடை ரூம். பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்குப் போகிற அலுமினியப் பொடியைச் சலித்துக் கொடுப்பது அவள் வேலை. கோலமாவெல்லாம் அதற்கு முன்னால் கரடுமுரடு. சாயங்காலம் வேன் ஏறும்போது புருவமும் இமையும் மூக்கு நுனியும் வெள்ளியாக மினுங்கும். கம்பெனி கொடுத்த முகமூடி பெரும்பாலும் அவள் கழுத்தில்தான் தொங்கும். அதைக் கட்டிக்கொண்டால் பேச முடியாது, பேசாமல் சோலையம்மாளால் இருக்க முடியாது. அவள் சிரித்தால் நாலு ரூம் தள்ளித் திரி வெட்டுகிறவர்கள், "என்னக்கா, என்ன சேதி?" என்று கேட்பார்கள். உடம்பு கட்டையாகக் கிண்ணென்று இருக்கும். தும்மல் தவிர வேறு நோவு அவளிடம் வந்ததில்லை.

இருமினவள் பொன்மணி. நாலு மாசமாக ஓயாத வறட்டு இருமல். வேன் ஏறினால் இருமல், பசையைத் தொட்டால் இருமல், சாமி கும்பிடக் கண்ணை மூடினால் இருமல். கஷாயம், மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் அவள் தொண்டை வழியாகப் போய்ப் பார்த்துத் தோற்றுவிட்டன.

அந்த நேரத்தில்தான் டாக்டர் தஸ்லிமா வந்தாள். விருதுநகர்ப் பெண், அப்பாவுக்குப் பஜாரில் பருப்பு வியாபாரம். பட்டாசு வேலை செய்கிறவர்களின் நுரையீரலைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். கம்பெனி காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, யார் யாருக்கு இருமல், யார் யாருக்கு மூச்சிரைப்பு என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் ரத்தம் எடுக்க வருவதாகச் சொன்னாள்.

"நெஞ்சுல இருமல் இருந்தா நெஞ்சத்தான பாக்கணும்? கையில எதுக்குக் குத்துறீக?" என்று கேட்டது சோலையம்மாள்தான்.

"நல்லாக் கேட்டீங்கக்கா" என்றாள் தஸ்லிமா. "நுரையீரலுக்கு உள் சுவர்ல சில புரதங்கள் இருக்கு. அந்தச் சுவரு புண்ணாச்சுன்னா, அதெல்லாம் கசிஞ்சு ரத்தத்துல கலந்துரும். ரத்தத்துல அது கூடுதலா இருந்தா உள்ள ஏதோ கோளாறுன்னு ஒரு துப்பு கெடைக்கும். அப்புறம் ஸ்கேன், ஊதிப் பாக்குற டெஸ்ட் எல்லாம் வச்சு உறுதி பண்ணிக்கலாம்."

பெண்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். சோலையம்மாள் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏ, புரியலையா? பண்டல் கட்டுன அட்டைப்பெட்டிக்கு வெளிய பொடி ஒட்டியிருந்தா, உள்ள ஏதோ பொட்டலம் கிளிஞ்சிருக்குன்னு பெட்டியத் தொறக்காமலே சொல்லுவோம்ல? அதத்தேன் டாக்டரம்மா சொல்லுதாக." தஸ்லிமா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். இனி எல்லாக் கம்பெனியிலும் இப்படியே சொல்லப் போகிறேன் என்றாள்.

ரத்தம் எடுக்கிற லிஸ்ட்டில் பொன்மணியின் பேர் முதல் ஐந்துக்குள் இருந்தது. முடிவு கம்பெனிக்குப் போகாது என்று டாக்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். ஆனால் சீசன் நேரத்தில் நெஞ்சுச் சீக்குக்காரி என்று தெரிந்தால் போர்மேன் சங்கரபாண்டியன் சீட்டைக் கிழித்துவிடுவார் என்று வேனில் யாரோ கிளப்பிவிட்டார்கள். வேனில் கிளம்பிய பேச்சை டாக்டரா நிறுத்த முடியும்? போகாமல் இருக்கலாம் என்றால், போகாதவளுக்குத்தான் சீக்கு என்று பேச்சு வரும். பொன்மணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இதுக்கா இம்புட்டு விசனம்? நான் போறேன்" என்றாள் சோலையம்மாள்.

"ஏக்கா, ஊசி குத்துவாகளே!"

"குத்தட்டும். எருமைமாட்டு மூச்சு எனக்கு. ரத்தத்தப் பாத்துட்டு, பொன்மணி இன்னும் நூறு வருசம் இருப்பான்னு எளுதிக் குடுப்பாக. நீ போயி ஒளுங்காச் சோத்தத் தின்னு."

அது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையாக இருக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, தலையில் ஒரே மாதிரித் துணிக்கட்டு. டோக்கன் அட்டையில் நம்பர்தான் இருக்கும், படம் இருக்காது. ஊசி குத்த வந்ததும் டாக்டர் இல்லை, யாரையும் முகம் தெரியாத ஒரு நர்ஸ். பொன்மணியின் அட்டையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, படிவத்தில் பொன்மணி என்று கையெழுத்துப் போட்டு, கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கிக்கொண்டு இரண்டு தடவை இருமவும் செய்தாள். பொன்மணி என்றால் இருமல் இருக்க வேண்டுமே. தன் பேருக்கு அவள் ரத்தம் கொடுக்கவில்லை. நல்லா இருக்கிற உடம்பில் எதற்கு இன்னொரு ஓட்டை?

மூன்று வாரம் கழித்துப் பொன்மணிக்குப் போன் வந்தது. ரத்தத்தில் அந்தப் புரதம் இருக்க வேண்டியதைவிட இரண்டரை மடங்கு இருக்கிறது, பயப்படாமல் வெள்ளிக்கிழமை விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றாள் தஸ்லிமா.

பொன்மணி அப்படியே வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். பிரீத்திகா ஓடிப் போய்ச் சோலையம்மாளைக் கூப்பிட்டு வந்தாள். விசயத்தைக் கேட்டதும் சோலையம்மாள் பொன்மணியைக் கட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். "ஒனக்கா இப்பிடி வரணும்! பசையத் தவிர ஒண்ணத் தொடாதவளாச்சே!" என்றாள். பொன்மணி, "எம்புள்ளையப் பாத்துக்கக்கா" என்றாள். சோலையம்மாள் அன்றைக்கே கம்பங்கூழும் முட்டையும் கொண்டுவந்து ஊட்டினாள். பொன்மணிக்கு நல்லபடியாகிவிட்டால் தானே மொட்டை போடுவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிச்சும் போட்டாள். ஐந்து நாள் இப்படிப் போனது. சிரிக்காதீர்கள், இருவரில் ஒருவருக்குக்கூட அந்த ஊசி யார் கையில் ஏறியது என்று நினைப்பு வரவில்லை. சீட்டில் பொன்மணி பேர் இருந்தது, இருமுகிறவளும் பொன்மணி. அதற்கு மேல் யோசிக்க அவர்களைப் பயம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை சோலையம்மாளும் கூடவே போனாள். ஆஸ்பத்திரியில் ஒரு குழாயை வாயில் வைத்துப் பொன்மணியை ஊதச் சொன்னார்கள். ஊதினாள். தஸ்லிமா திரையைப் பார்த்தாள், மறுபடியும் ஊதச் சொன்னாள், மறுபடியும் பார்த்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இருவரையும் உள்ளே கூப்பிட்டபோது டாக்டரின் முகத்தில் குழப்பம் அப்பியிருந்தது.

"பொன்மணிக்கா, ஒங்க நுரையீரல் பளிச்சுன்னு இருக்கு. ரத்தத்துல வந்த அளவுக்கும் இதுக்கும் ஒத்தே வரலை. லேப்ல ஏதும் மாறிப்போச்சான்னு பாக்கணும். இன்னொரு தடவ ரத்தம் எடுத்துக்கிறேன், கைய நீட்டுங்க."

பொன்மணி கையை நீட்டினாள். பஞ்சு பட்டதும் உடம்பு சிலிர்த்தது. "மெதுவா டாக்டரம்மா, பிரீத்திகா பெறந்தப்பெறகு நான் ஊசியே..." என்று தொடங்கி, பாதியில் நின்று, மெல்லத் திரும்பிச் சோலையம்மாளைப் பார்த்தாள்.

சோலையம்மாளும் பார்த்தாள்.

"ஏக்கா" என்றாள் பொன்மணி. "அன்னைக்கு ஒன் கையிலல்லா குத்துனாக."

சோலையம்மாளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. ஐந்து நாளாக ஊட்டிய கூழும் முட்டையும் நினைவுக்கு வந்து, தன் சீக்குக்கு இன்னொருத்தியைப் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தோமே என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அது பொன்மணிக்காக இருமின இருமல் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது, நல்ல பயம். தண்ணீர்க் குடத்தோடு மேடு ஏறும்போது இப்போதெல்லாம் நடுவில் நின்று எவளிடமாவது பேச்சுக் கொடுப்பது பேச்சு ஆசையால் மட்டும்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"டாக்டரம்மா, லேப்ல ஒண்ணும் மாறல. மாறுனது நாங்கதேன்" என்று முழுக் கதையையும் ஒப்புவித்தாள்.

தஸ்லிமாவுக்கு வந்த கோபத்தில் பேனாவை மேசையில் எறிந்தாள். இருநூறு பேரின் ரத்தத்தை வைத்து இரண்டு வருசமாகச் செய்கிற ஆராய்ச்சி இது, இப்படி ஆளை மாற்றினால் நான் எதை நம்பி எழுதுவது, இன்னும் எத்தனை பேர் இப்படிச் செய்தீர்கள் என்று பொரிந்து தள்ளினாள். சோலையம்மாள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஆறாவது விரலில் டாக்டர் போதும் என்று கையைக் காட்டிவிட்டாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்லட்டுமா? ஒழுங்கா பொன்மணிக்காவே குடுத்திருந்தா, எல்லாம் நல்லாருக்குன்னு போயிருப்பேன். ஒங்களக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. ஒக்காருங்க."

"அப்ப இவ இருமல் எதுனால?" என்று கேட்டாள் சோலையம்மாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் முதல் கேள்வி.

தஸ்லிமா பொன்மணியின் மாத்திரைப் பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தாள். பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை ஒன்றை எடுத்துக் காட்டினாள். இது நல்ல மாத்திரைதான், ஆனால் சிலருக்கு இப்படி வறட்டு இருமல் கொடுக்கும், வேறு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றாள். சொன்னபடியே இரண்டு வாரத்தில் அந்த இருமல் போன இடம் தெரியவில்லை.

சோலையம்மாள் தன் சொந்தப் பேரில், சொந்தக் கையெழுத்தில் ரத்தம் கொடுத்தாள். குழாயை ஊதினாள். ஸ்கேனில் படுத்து எழுந்தாள். பத்து நாள் கழித்துத் தஸ்லிமா முடிவைச் சொன்னாள். பதினான்கு வருசப் பொடி நுரையீரலில் அங்கங்கே தழும்பு போட ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பம்தான். போன இடம் திரும்பி வராது, ஆனால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். அதற்கு முதல் மருந்து, அந்த ரூமை விட்டு வெளியே வருவது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தால், அந்த அளவு ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

"கம்பெனிக்கு நான் சொல்ல மாட்டேன்க்கா. சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம்."

திரும்பி வரும் பஸ்ஸில் பொன்மணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லண்டாம். நாளையிலருந்து நீ என் எடத்துல லேபிள் ஒட்டு. ஒன் எடத்துல நான் உக்காந்துக்கிறேன். எம்புட்டு நாளு எனக்காக நின்னிருப்ப." சோலையம்மாள் சிரித்துவிட்டாள். கேலி பண்ணுகிறாள் என்று நினைத்தாள்.

கேலி இல்லை. மறுநாள் காலையில் வேன் நின்றதும் பொன்மணி முதலில் குதித்து இறங்கி விறுவிறுவென்று போய்விட்டாள். சோலையம்மாள் டோக்கனைக் கொடுத்துவிட்டுச் சல்லடை ரூமுக்கு வந்தபோது, தன் பலகையில் பொன்மணி உட்கார்ந்து சல்லடையைக் கையில் எடுத்திருந்தாள். வாசல் வெயிலில் பொடி மெல்ல எழும்பி அவள் முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினான்கு வருசம் அந்தப் பொடிக்குள்ளேயே இருந்தவள், அது எழும்புவதை வெளியே நின்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

உள்ளே பாய்ந்து பொன்மணியின் கையிலிருந்து சல்லடையைப் பிடுங்கி, அவளைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள்.

"என்னக்கா, நீ எனக்குச் செய்யலையா? நான் ஒனக்குச் செய்யக்கூடாதா?"

"கூட்டத்துக்கு நிக்கலாம், எளவுக்கு நிக்கலாம். இதுக்கு ஆள் மாத்தி நிக்க முடியாதுடி. நான் போனா நீ, நீ போனா வள்ளித்தாயா? எல்லாரு நெஞ்சுலயும் தளும்பு போட்டப்பெறகுதேன் ஓயுமா இது?" என்றவள், ரூம் வாசற்படியில் உட்கார்ந்து, வழியை அடைத்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

சல்லடை நின்றால் பூச்சட்டி நிற்கும், பூச்சட்டி நின்றால் லோடு நிற்கும். பத்து நிமிசத்தில் போர்மேன் சங்கரபாண்டியன் வந்துவிட்டார். அறுபதை நெருங்குகிற, சிரித்தே பார்த்திராத மனுசர்.

"என்ன சோலை இது? நாளைக்கு ஆர்டர் போகணும், தெரியும்ல?"

"தெரியும் அண்ணாச்சி." உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொன்மணி பேரில் ரத்தம் கொடுத்தது, தழும்பு, புரதம், ஒன்றையும் விடவில்லை. "என் சீட்டக் கிளிக்கணும்னா கிளிங்க. ஆனா இப்பிடியே இன்னொருத்திய இங்கன உக்கார வைக்க விட மாட்டேன். கையால சுத்துற மூடுன சல்லடை, ரெண்டு வருசமா அட்டைப்பெட்டியப் பிரிக்காமக் கோடவுன்ல கெடக்கு. வேலை மெதுவா நடக்கும்னுதான மாட்டாம வச்சிருக்கீக? அத மாட்டுங்க. பொடி வெளிய வராமச் சலிக்கட்டும். அப்புறம் யாரு வேணும்னாலும் உக்காரட்டும்."

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் போர்மேன் கத்தப் போகிறார் என்று காத்திருந்தார்கள். சங்கரபாண்டியன் கத்தவில்லை. அவர்களைப் பார்த்து, "போயி வேலையப் பாருங்க" என்றார். அவர்கள் நகர்ந்ததும், சோலையம்மாளுக்குப் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"மாட்டச் சொல்லுதேன். அதுவரைக்கும் ரூமு பூட்டிக் கெடக்கட்டும். மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ லேபிள் ரூமுக்குப் போ."

"சரி அண்ணாச்சி."

அவர் எழுந்திருக்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு முன்னாடி அந்தப் பலகையில பன்னெண்டு வருசம் நாந்தேன் உக்காந்திருந்தேன்" என்றார். "அந்த டாக்டரம்மா லிஸ்ட்ல எம்பேரும் இருந்துச்சு. போர்மேனுக்குச் சீக்குன்னு வெளிய தெரிஞ்சா நல்லாருக்குமா? வேன் டிரைவர் பாண்டிய அனுப்பிட்டேன். எல்லாம் நார்மல்னு எம்பேருக்குச் சீட்டு வந்துருக்கு. தெனம் ராத்திரி அத எடுத்து எடுத்துப் பாக்குறேன், சோலை. தூக்கமே இல்ல."

சோலையம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருசம் எல்லாரும் எந்த மனுசனுக்குப் பயந்து ஒளிந்தார்களோ, அந்த மனுசன் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நாளைக்கு எட்டு மணிக்கு விருதுநகர் பஸ்ஸு அண்ணாச்சி" என்றாள். "நானும் கூட வாரேன். ஆனா கைய நீங்கதேன் நீட்டணும்."